கூரையில்லாத மூன்றாம் வகுப்பும் 486 கணினியும்

ஒரே கம்பெனி, ஒரே எண், ஒரே வேகம். கடைசியில் ஒட்டியிருக்கும் ஓர் எழுத்து மட்டும் வேறு, விலையும் வேறு. இரண்டில் எதை வாங்குவது? கணினிக் கடையில் இன்றைய பிள்ளைகள் நின்று யோசிக்கும் இந்தக் கேள்விக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. அதன் வேரைத் தேடிப் போனால் கணினிக்கு முன்னால் ரயில் வண்டியில் போய் நிற்கும். அந்தப் பழங்கதையைத்தான் இன்று எழுத நினைக்கிறேன்.

கணினியின் மூளை என்று சொல்கிறோமே, அந்தப் பிராசஸர் சில்லில் 1978ஆம் ஆண்டு ஒரு பெரிய மாற்றம் வந்தது. அமெரிக்காவின் இண்டெல் கம்பெனி 8086 என்ற சில்லை வெளியிட்டது. நகம் அளவு இடத்தில் 29,000 டிரான்சிஸ்டர்கள். ஒரே நேரத்தில் 16 பிட் தகவலை உள்ளே வாங்கும், வெளியே அனுப்பும். மறு ஆண்டே 8088 என்று ஒரு தம்பி பிறந்தது. உள்ளே அண்ணனைப் போலவேதான். வெளியே போகும் பாதை மட்டும் பாதி, 8 பிட். வீராணம் ஏரிப் பாசனத்தில் வாழும் நமக்கு இது எளிதில் விளங்கும். ஏரி நிறையத் தண்ணீர் இருக்கிறது, ஆனால் மதகு சிறியது. வயலுக்குத் தண்ணீர் வராமல் போகாது, மெதுவாக வரும்.

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். தன் முதல் பி.சி.யை வெளியிட்டபோது எடுத்துக்கொண்டது தம்பியைத்தான். 8 பிட் பாதைக்கு ஏற்ற துணைச் சில்லுகள் ஏற்கெனவே சந்தையில் மலிவாகக் கிடைத்ததால் மொத்த இயந்திரத்தின் விலையும் குறைந்தது. ஐ.பி.எம். 1978லேயே இந்தியாவை விட்டு வெளியேறிவிட்டது. அதனால் அந்த பி.சி. நம்மிடம் வந்தது, இந்தியக் கம்பெனிகள் அதே மாதிரியில் செய்த இயந்திரங்களாக. 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு கொண்டுவந்த கணினிக் கொள்கைக்குப் பிறகு இறக்குமதி வரியும் குறைந்தது. அலுவலகங்களின் குளிரூட்டிய அறைகளில் கணினி எட்டிப் பார்க்கத் தொடங்கியது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போன காலம் அது.

இந்தக் கதையில் இரண்டாவது குடும்பமும் உண்டு. ஒரே கம்பெனியை நம்பியிருக்க ஐ.பி.எம். விரும்பவில்லை. அதன் வற்புறுத்தலால் 1982ல் இண்டெலும் ஏ.எம்.டி.யும் ஓர் ஒப்பந்தம் போட்டன. இண்டெல் வடிவமைத்த சில்லை ஏ.எம்.டி.யும் செய்து விற்றது. 1985ல் 386 வந்ததும் இண்டெல் கதவைச் சாத்திவிட்டது. வழக்கு ஒரு பக்கம் நடக்க, ஏ.எம்.டி. தானே ஒரு 386 செய்து 1991ல் சந்தைக்குக் கொண்டுவந்தது. இண்டெலின் 386 அதிகபட்சம் 33 மெகாஹெர்ட்ஸ்; ஏ.எம்.டி.யுடையது 40. விலையும் குறைவு. 386 என்பது வெறும் எண், அதை ஒருவர் மட்டும் உரிமை கொண்டாட முடியாது என்று அமெரிக்க நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இண்டெல் 1993ல் வெளியிட்ட அடுத்த சில்லுக்கு 586 என்று எண் வைக்காமல் பெண்டியம் என்று பெயர் வைத்ததற்குக் காரணம் இதுதான். சென்னை ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கிக் கணினி சேர்த்தவர்களுக்கு அன்று இரண்டு குடும்பமும் பழக்கம்.

இனி நம் விஷயத்துக்கு வருகிறேன். 1989ல் வந்த 486 சில்லில் சுமார் 12 லட்சம் டிரான்சிஸ்டர்கள். தசமப் பின்னங்களை வேகமாகப் பெருக்கி வகுக்கும் கணக்குப் பகுதி அதுவரை தனிச் சில்லாக விற்கப்பட்டது. 486ல் அதை உள்ளேயே வைத்துவிட்டார்கள். விலை அதிகம். ஏ.எம்.டி.யின் மலிவான 386 சந்தையைப் பிடிக்கத் தொடங்கிய 1991லேயே இண்டெல் 486 எஸ்.எக்ஸ். என்று ஒன்றைக் குறைந்த விலைக்கு விட்டது. முழுச் சில்லுக்கு 486 டி.எக்ஸ். என்று பெயர்.

எஸ்.எக்ஸ்.ஸில் கணக்குப் பகுதி கிடையாது என்றார்கள். உண்மையில் தொடக்கத்தில் வந்த எஸ்.எக்ஸ். சில்லுகளில் அது உள்ளேயே இருந்தது. செயல்படாமல் முடக்கி வைத்திருந்தார்கள். பிற்பாடு கணக்குப் பகுதி தேவைப்பட்டால் 487 என்ற துணைச் சில்லை வாங்கிப் பொருத்தலாம் என்றார்கள். அந்த 487 துணைச் சில்லே அல்ல, முழு 486 டி.எக்ஸ்.தான்! அதைப் பொருத்தியதும் பழைய எஸ்.எக்ஸ். வேலையை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும். வீட்டில் ஓர் அறையைப் பூட்டி வாடகைக்கு விட்டு, அந்த அறையும் வேண்டும் என்று கேட்டவருக்குப் பக்கத்தில் இன்னொரு முழு வீட்டை விற்ற கதை.

இது மோசடியா, வியாபாரமா? நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்தப் பழக்கத்தில் பிற்காலத்தில் படித்தவற்றில் ழூல் துப்புயி என்ற பிரெஞ்சுப் பொறியாளரின் பெயர் மனதில் நின்றது. பாலமும் சாலையும் கட்டிய மனிதர். சுங்கக் கட்டணம் பற்றி 1849ல் எழுதியபோது, ரயிலில் மூன்றாம் வகுப்புப் பெட்டிக்கு ஏன் கூரை போடவில்லை, பெஞ்சுக்கு ஏன் மெத்தை வைக்கவில்லை என்று ஆராய்ந்தார். கூரைக்கு ஆகும் செலவு பெரிதல்ல. ஏழையைத் துன்புறுத்துவதும் கம்பெனியின் நோக்கமல்ல. இரண்டாம் வகுப்புக்குக் காசு வைத்திருப்பவர் மூன்றாம் வகுப்புக்கு இறங்கி வந்துவிடக்கூடாது, அவ்வளவுதான் என்று கண்டு சொன்னார். 486 எஸ்.எக்ஸ். செய்ததும் அதே வேலைதான். நம் ஊர் ரயில்களில் 1974 வரை மூன்றாம் வகுப்பு இருந்தது. சிதம்பரத்திலிருந்து கட்டைப் பெஞ்சில் உட்கார்ந்து போனவர்கள் இதைப் படிப்பவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். பெஞ்சு கட்டைதான், ஆனாலும் எழும்பூரில் முதல் வகுப்புக்காரர் இறங்கிய அதே நேரத்தில்தான் நாமும் இறங்கினோம்.

1993 செப்டம்பர் 30ல் பழைய தென்னாற்காடு மாவட்டம் கடலூர், விழுப்புரம் என இரண்டாகப் பிரிந்தது. மறு ஆண்டு, கடலூரில் நான் எழுத்தராக இருந்த அலுவலகத்துக்குக் கணினி வாங்க அனுமதி வந்தது. வந்த விலைப்புள்ளிகளுக்கு ஒப்பீட்டுப் பட்டியல் தயாரிப்பது என் பிரிவின் வேலை. ஒருவர் 486 எஸ்.எக்ஸ்., இன்னொருவர் 486 டி.எக்ஸ்.; இரண்டும் 33 மெகாஹெர்ட்ஸ். ஆணையில் 486 என்று மட்டும் இருந்தது. கண்காணிப்பாளர் கோப்பைப் பார்த்துவிட்டு, "எக்ஸுக்கு முன்னால எழுத்து மாறினா என்னய்யா ஆகும்?" என்றார். "நாம என்ன வேலை செய்யப் போறோம்ங்கறதைப் பொறுத்தது சார்" என்றேன்.

விசாரித்ததில் தெரிந்தது இதுதான். ஆட்டோகேட் போன்ற வரைபட மென்பொருளுக்குக் கணக்குப் பகுதி கட்டாயம். பொறியாளர் அலுவலகம் டி.எக்ஸ்.தான் வாங்க வேண்டும். நாங்கள் செய்யப் போவது வேர்ட்ஸ்டாரில் கடிதமும் டிபேஸில் சம்பளப் பட்டியலும். அந்த வேலையில் நேரம் போவது பெருக்கலில் அல்ல. வட்டிலிருந்து பதிவுகளைத் தேடி எடுப்பதிலும், கர்ரென்று கத்தும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் அச்சடிப்பதிலும்தான். இப்படிக் குறிப்பெழுதி, எஸ்.எக்ஸ். போதும், மிச்சமாகும் பணத்தில் நினைவகத்தை 4 எம்.பி.யிலிருந்து 8 எம்.பி. ஆக்கலாம் என்று சமர்ப்பித்தேன். ஒப்புதல் கிடைத்தது. அந்த இயந்திரம் பல ஆண்டுகள் உழைத்தது. அரசுப் பணம் என்பது யாரோ ஒருவருடைய பணம் அல்லவே.

இப்போது அதே கேள்வி கீரப்பாளையத்துக்கும் வந்திருக்கிறது. இங்கே இணையச் சேவைக் கடை வைக்க வங்கிக் கடன் வாங்கிய ஒரு தம்பி, "ஐயா, ஐ5-12400 வாங்கலாமா, 12400எஃப் வாங்கலாமா? எஃப் விலை கம்மி" என்று கேட்டார். 2022ல் வந்த சில்லுகள் இவை. இரண்டிலும் ஆறு கோர், வேகமும் ஒன்றே. எஃப் என்று முடிவதில் திரைக்குப் படம் அனுப்பும் பகுதி வேலை செய்யாது. தனியாக கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டால்தான் திரையில் ஏதாவது தெரியும். விளையாட்டுக்காகக் கணினி வாங்குபவர் எப்படியும் கார்டு வாங்குவார். அவருக்கு எஃப் லாபம். சான்றிதழுக்கு விண்ணப்பம் போட்டு, பிரிண்ட் எடுத்துக் கொடுக்கும் கடைக்கு அந்தக் கார்டு தண்டச் செலவு. "விலை கூடினாலும் எஃப் இல்லாததையே வாங்கு தம்பி" என்றேன்.

1994ல் விலை குறைந்ததுக்கு வாக்கு. இப்போது விலை கூடியதுக்கு வாக்கு. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். கூரையில்லாத பெட்டியில் ஏறலாமா என்று கேட்பவரிடம், போகும் வழியில் மழை உண்டா என்று முதலில் விசாரிக்க வேண்டும். வெயில் காலத்தில் அது லாபம். ஐப்பசி கார்த்திகையில், அதுவும் நம் கடலூர்ப் பக்கம், கூரைக்குக் காசு கொடுத்துவிடுவதே நல்லது.