அரிசோனா கயோட்டீஸ்

அரிசோனா கயோட்டீஸ் என்பது அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் 1996 முதல் 2024 வரை இயங்கிய தொழில்முறை ஐஸ் ஹாக்கி அணி. வட அமெரிக்காவின் தலைமைப் போட்டித் தொடரான தேசிய ஹாக்கி லீக்கில் (என்.ஹெச்.எல்.) ஆடியது. 2014 வரை அதன் பெயர் ஃபீனிக்ஸ் கயோட்டீஸ். மூன்று அரங்குகள், ஒரு திவால் வழக்கு, அடுத்தடுத்து மாறிய உரிமையாளர்கள், லீக்கே அணியை நடத்திய நான்கு ஆண்டுகள் என்று அதன் வாழ்க்கை ஓடி முடிந்தது. பனி விழாத ஊரில் ஐஸ் ஹாக்கி எடுபடாது என்பதற்குச் சான்றாக இந்த அணியைக் காட்டுவது விளையாட்டு உலகில் வழக்கமாகிவிட்டது. ஆனால் கயோட்டீஸின் வரவு செலவை ஆண்டுவாரியாகப் பார்த்தால், அதை வீழ்த்தியது பாலைவன வெயில் அல்ல என்பது தெரியும். நிலைத்த அரங்கு இல்லாததும், கைநிறையப் பணமும் பொறுமையும் உள்ள உரிமையாளர் அமையாததுமே அதன் நோய்.

மரபுசாராச் சந்தைகள்

ஐஸ் ஹாக்கி கனடாவிலும் அமெரிக்காவின் வடக்கு ஓரத்திலும் வளர்ந்த ஆட்டம். 1966-67இல் லீக்கில் ஆறே அணிகள். 1967இல் மேலும் ஆறு சேர்ந்தபோதுதான் கலிஃபோர்னியாவுக்கு அது போனது. விளைவு உடனே தெரிந்தது. ஓக்லாந்தில் தொடங்கிய அணி 1976இல் கிளீவ்லாந்துக்குப் பெயர்ந்து, இரண்டே ஆண்டில் மினசோட்டா அணியோடு இணைக்கப்பட்டு மறைந்தது. கான்சஸ் சிட்டி அணி இரண்டு பருவம்தான் தாங்கியது. அட்லாண்டா 1980இல் தன் அணியைக் கேல்கரிக்கு இழந்தது. 1999இல் கிடைத்த இன்னொரு அணியையும் 2011இல் வின்னிபெக்குக்கு இழந்தது.

காரணம் வருமானத்தின் அமைப்பில் இருக்கிறது. அமெரிக்கக் கால்பந்து அணிகளுக்குத் தொலைக்காட்சி ஒப்பந்தப் பணமே பெரும்பாலான செலவைத் தாங்கிவிடும். அது எல்லா அணிகளுக்கும் சமமாகப் பங்கிடப்படுகிறது. ஐஸ் ஹாக்கிக்கு அப்படியொரு ஒப்பந்தம் நெடுங்காலம் வாய்க்கவில்லை. டிக்கெட், வாகன நிறுத்தக் கட்டணம், அரங்கில் விற்கும் தின்பண்டம், நிறுவனங்கள் வாடகைக்கு எடுக்கும் தனியறை இவைதான் ஒரு அணியின் பிழைப்பு. அரங்கு நிறையாவிட்டால் பள்ளம் விழும். தாத்தாவும் அப்பாவும் ஆடிய ஆட்டம் என்று பிள்ளைகள் தாமாக வந்து உட்காரும் ஊரில் தோற்கும் அணிக்கும் கூட்டம் இருக்கும். ஆட்டத்தைப் புதிதாகக் கற்கும் ஊரில் வெற்றி ஒன்றுதான் கூட்டத்தைக் கூட்டும்.

1988 ஆகஸ்டில் ஆட்டத்தின் மிகப் பெரிய வீரரான வெய்ன் கிரெட்ஸ்கி எட்மண்டனிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் அணிக்கு மாற்றப்பட்டதும் தெற்கின் மீது லீக்குக்கு நம்பிக்கை பிறந்தது. சான் ஹோசே, டாம்பா பே, மயாமி, அனாஹைம், டாலஸ் என்று 1991க்கும் 1993க்கும் இடையில் வரிசையாக அணிகள் முளைத்தன. அந்த அலையைத் தொடர்ந்துதான் 1996இல் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரம் வந்தது.

வின்னிபெக்கிலிருந்து ஃபீனிக்ஸுக்கு

கயோட்டீஸ் புதிதாகப் பிறந்த அணி அல்ல. 1972இல் தொடங்கி 1979இல் என்.ஹெச்.எல். உறுப்பினரான கனடாவின் வின்னிபெக் ஜெட்ஸ்தான் இடம் மாறி வந்தது. கனடா அணிகள் வசூலைக் கனடா டாலரில் பெற்று வீரர்களின் சம்பளத்தை அமெரிக்க டாலரில் கொடுக்க வேண்டியிருந்தது. 1990களில் கனடா டாலரின் மதிப்பு சரிந்தபோது சிறு நகர அணிகளுக்கு மூச்சு முட்டியது. 1995இல் கியூபெக் அணி டென்வருக்குப் போனது. அடுத்த ஆண்டு வின்னிபெக்கின் முறை. ஆக, பிழைக்க முடியாமல் போன முதல் ஊர் ஆட்டத்தின் தாய்நாட்டில்தான் இருந்தது. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஃபீனிக்ஸில் அணி குடியேறிய அமெரிக்கா வெஸ்ட் அரங்கம் 1992இல் கூடைப்பந்துக்காகக் கட்டப்பட்டது. ஐஸ் ஹாக்கித் தளம் கூடைப்பந்துத் தளத்தைவிட இரு மடங்கு நீளம். அதைத் திணித்தபோது ஒரு பக்கத்து மேலடுக்கு இருக்கைகள் தளத்தின் மேலேயே துருத்திக்கொண்டு நின்றன. அங்கே உட்கார்ந்தவருக்குத் தன் காலடியில் உள்ள கோல் கம்பம் தெரியாது. கோல் விழுந்ததை எதிர்ப்பக்கத்துக் கூட்டம் எழுந்து நிற்பதை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தச் சில ஆயிரம் இருக்கைகளை மலிவாகத்தான் விற்க முடிந்தது. வாகன நிறுத்தம், விளம்பரம் போன்றவற்றின் வருமானமும் அரங்கை நடத்திய கூடைப்பந்துத் தரப்புக்கே சாதகமாக இருந்தது. முதல் நாளிலிருந்தே அணி வாடகைக் குடித்தனம்தான் செய்தது.

கிளென்டேல்

2001இல் நில வணிகர் ஸ்டீவ் எல்மனும் ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்றிருந்த கிரெட்ஸ்கியும் அடங்கிய குழு அணியை வாங்கியது. கிழக்குப் புறநகரான ஸ்காட்ஸ்டேலில் அரங்கு கட்டுவதுதான் எல்மனின் முதல் திட்டம். டிக்கெட் வாங்கும் வசதியுள்ள ரசிகர்கள் அந்தப் பக்கம்தான் இருந்தார்கள். அது கைகூடவில்லை. மேற்கு ஓரத்திலிருந்த கிளென்டேல் நகராட்சி ஏறத்தாழ 18 கோடி டாலர் பொதுப்பணம் தர முன்வந்தது. 2003 டிசம்பர் 26 அன்று அங்கே புதிய அரங்கு திறந்தது.

அரங்கு அருமையானது; எந்த இருக்கையிலிருந்தும் இரண்டு கோல் கம்பமும் தெரியும். குறை அது நின்ற இடத்தில். கிழக்கே ஸ்காட்ஸ்டேலிலோ மேசாவிலோ வசிக்கும் குடும்பம் வேலைநாள் மாலையில் 7 மணி ஆட்டத்துக்கு வர, அலுவலக நெரிசலில் நகரத்தையே குறுக்காகக் கடந்து வர வேண்டும். ஆட்டம் முடிந்து பள்ளிப் பிள்ளைகளோடு அதே தூரம் திரும்ப வேண்டும். ஆர்வம் இருந்தும் ஆண்டுக்கு 41 முறை அப்படி யார் வருவார்கள்?

அடுத்த உரிமையாளர் சரக்கு லாரி நிறுவனம் நடத்திய ஜெர்ரி மோயஸ். கிரெட்ஸ்கியே 2005 முதல் 2009 வரை பயிற்சியாளராக இருந்தும் அணி ஒருமுறைகூடப் பிளே-ஆஃப் சுற்றை எட்டவில்லை. 2009 மே 5 அன்று மோயஸ் அணியைத் திவாலாக அறிவித்து நீதிமன்றம் போனார். தன் பணம் 30 கோடி டாலருக்கு மேல் கரைந்துவிட்டதாக அவர் தரப்பு கூறியது. கையில் ஒரு விற்பனை ஒப்பந்தமும் இருந்தது: பிளாக்பெர்ரி கைப்பேசி நிறுவனத் தலைவர்களில் ஒருவரான ஜிம் பால்சிலி 21.25 கோடி டாலர் தருவார், அணி கனடாவின் ஹாமில்டனுக்குப் போகும்.

லீக் கொதித்தெழுந்தது. யார் உரிமையாளர், அணி எந்த ஊரில் ஆடும் என்பதைத் திவால் சட்டத்தின் புறவாசல் வழியாக ஒருவர் முடிவுசெய்ய விட்டால் லீக் என்ற அமைப்புக்கே பொருளில்லை என்று வாதாடியது. பால்சிலி விலையை 24.25 கோடிக்கு உயர்த்தினார். லீக் தானே 14 கோடிக்குக் கேட்டது. செப்டம்பர் 30 அன்று நீதிபதி ரெட்ஃபீல்ட் பாம் பால்சிலியின் கோரிக்கையை நிராகரித்தார். சில வாரங்களில் அணி லீக்கின் கைக்கு வந்தது. சட்டப்படி லீக்கின் பக்கம் நியாயம் இருந்தது என்றே கொள்ள வேண்டும். ஆனால் வென்ற லீக்கிடம் வாங்குபவர் இல்லை. அணியை வைத்துக்கொண்டு 2013 ஆகஸ்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அந்தக் காத்திருப்பின் செலவைச் சுமந்தது ஏறத்தாழ 2.25 லட்சம் பேர் வாழ்ந்த நகராட்சி. அணி போய்விட்டால் அரங்கு வெறிச்சோடும், கட்டிய கடன் மட்டும் மிஞ்சும் என்ற பயத்தில் 2010-11, 2011-12 பருவங்களுக்குத் தலா 2.5 கோடி டாலரைக் கிளென்டேல் லீக்குக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டது. அதே ஆண்டுகளில் வீட்டுமனைச் சரிவு அரிசோனாவை உலுக்கிக்கொண்டிருந்தது. நகராட்சி ஆட்குறைப்புச் செய்தது, விற்பனை வரியை ஏற்றியது. ஐஸ் ஹாக்கி அரங்குக்குப் போகாத குடும்பமும் கடையில் வாங்கும் பொருளுக்குக் கூடுதலாகக் கொடுத்தது. இந்த வரலாற்றில் மிகுந்த அநீதி இழைக்கப்பட்டவர்கள் அவர்கள்தான்.

சிகாகோ முதலீட்டாளர் மேத்யூ ஹல்சைசர் அணியை வாங்க நகராட்சி 10 கோடி டாலருக்குக் கடன்பத்திரம் வெளியிட முனைந்தபோது, தனியாருக்குப் பொதுப்பணத்தை வாரிக்கொடுக்க மாநில அரசியலமைப்பு இடம்தராது என்று கோல்ட்வாட்டர் என்ற கொள்கை ஆய்வு நிறுவனம் வழக்கு மிரட்டல் விடுத்தது. பத்திரம் விலைபோகவில்லை. 2011 ஜூனில் ஹல்சைசர் விலகினார். கிரெக் ஜேமிசன் என்பவரின் முயற்சி 2013 ஜனவரியோடு காலாவதியானது.

இத்தனைக்கும் நடுவில் அணி ஆடிய ஆட்டத்தைச் சொல்லாமல் விடக் கூடாது. சொந்தக்காரர் யாரென்று தெரியாத நிலையில், டேவ் டிப்பெட்டின் பயிற்சியில், 2011-12இல் பசிபிக் பிரிவுப் பட்டம் வென்றது. சிகாகோவையும் நாஷ்வில்லையும் வீழ்த்தி மேற்கு மாநாட்டின் (லீக்கின் மேற்குப் பாதி) இறுதிவரை சென்று லாஸ் ஏஞ்சலிஸிடம் தோற்றது. வின்னிபெக் ரசிகர்கள் பிளே-ஆஃபுக்கு முழு வெள்ளை உடுத்தி வரும் வழக்கம் அணியோடு ஃபீனிக்ஸுக்கும் வந்திருந்தது. அந்த வசந்தத்தில் கிளென்டேல் அரங்கு மேலிருந்து கீழ்வரை வெண்மையாக நின்றது. வெல்லும் அணியைக் கொடுத்தால் பாலைவனத்து மக்கள் வருவார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

2013 ஜூலையில் 4-3 என்ற வாக்கில் நகர மன்றம் புதிய உரிமையாளர் குழுவோடு 15 ஆண்டு, 22.5 கோடி டாலர் ஒப்பந்தம் செய்தது. அரங்கை நிர்வகிக்க ஆண்டுக்கு 1.5 கோடி. அணியின் விலையான 17 கோடியில் பெரும்பகுதி கடனாகவே வந்தது. இரண்டே ஆண்டில், முன்னாள் நகராட்சி வழக்கறிஞர் அணியில் பணியேற்றதைக் காட்டி மன்றம் ஒப்பந்தத்தை ரத்துசெய்தது. பிறகு ஆண்டுக்கு 65 லட்சம் டாலர் வீதம் இரண்டாண்டு ஒப்பந்தம், அதன்பின் ஆண்டுக்காண்டு நீட்டிப்பு.

சம்பளத் தரைக் கணக்கு

ஒரு முழுப் பருவத்தையே பலிகொண்ட 2004-05 கதவடைப்புக்குப் பின் லீக்கில் சம்பளத்துக்கு உச்சவரம்பும் கீழ்வரம்பும் வந்தன. ஏழை அணிகளைக் காக்க வந்த ஏற்பாடு இது. ஆனால் கீழ்வரம்பைத் தொடவே கயோட்டீஸ் திணறியது. அதற்கு ஒரு வழி கண்டது: ஏட்டில் பெரிய தொகையாகவும் கையில் சிறிய தொகையாகவும் உள்ள ஒப்பந்தங்களைப் பிற அணிகளிடமிருந்து பெறுவது. காயத்தால் ஆட்டத்தை விட்டுவிட்ட கிறிஸ் பிராங்கரின் ஒப்பந்தம் 2015இல் வந்தது; அவர் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்ட அன்றும் ஏட்டில் அரிசோனா வீரர். ரஷ்யாவுக்குத் திரும்பிய பாவெல் டாட்சுக்கின் ஒப்பந்தம் 2016இல் வந்தது. களமிறங்காத இவ்விருவரும் கணக்கை நிரப்பினார்கள். விதிமீறல் எதுவும் இல்லை. ஆனால் டிக்கெட் வாங்கிய ரசிகருக்கு அது செய்த துரோகம் சிறிதல்ல.

முல்லெட் அரங்கும் முடிவும்

2019இல் தொழிலதிபர் அலெக்ஸ் மெருவேலோ அணியை வாங்கினார். 2021 ஆகஸ்டில் குத்தகையை இனி நீட்டிப்பதில்லை என்று கிளென்டேல் அறிவித்தது. டிசம்பரில் வரிப்பாக்கிக்காக அரங்கைப் பூட்டுவோம் என்று எச்சரித்து, பணம் வந்தபின் விட்டது. 2022 அக்டோபரிலிருந்து புறநகரான டெம்பியில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் முல்லெட் அரங்கே அணியின் வீடு. மொத்தம் சுமார் 4,600 இருக்கைகள். மற்ற அணிகளின் அரங்குகள் அதைப்போல மூன்று நான்கு மடங்கு. அங்கே நடந்த முதல் ஆட்டத்துக்கு எதிரணியாக வந்தது வின்னிபெக்.

டெம்பியில் பழைய குப்பைமேடு கிடந்த 46 ஏக்கரில் 210 கோடி டாலர் செலவில் அரங்கும் வீடுகளும் கட்டும் திட்டத்தை 2023 மே 16 அன்று வாக்காளர்கள் நிராகரித்தார்கள். கிளென்டேலின் அனுபவத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் அவர்கள்; குறைசொல்ல இடமில்லை. 2024 ஏப்ரல் 17 அன்று எட்மண்டனை 5-2 என்று வென்றதே கடைசி ஆட்டம். மறுநாள் வீரர்களையும் ஆட்ட உரிமைகளையும் 120 கோடி டாலருக்கு யூட்டாவின் ரயன் ஸ்மித் குழுவுக்கு மாற்ற லீக் ஒப்புதல் அளித்தது. ஐந்தாண்டுக்குள் அரங்கு கட்டினால் அணியை மீட்கலாம் என்ற உரிமை மெருவேலோவுக்கு இருந்தது. வடக்கு ஃபீனிக்ஸில் அவர் குறிவைத்த நிலத்தின் ஏலத்தை மாநில அரசு நிறுத்தவே, ஜூனில் அதையும் கைவிட்டார்.

விட்டுச்சென்றது

1995இல் வின்னிபெக் தேர்ந்தெடுத்த ஷேன் டோன், அணியோடு ஃபீனிக்ஸ் வந்து 2017 வரை அங்கேயே ஆடினார். ஸ்காட்ஸ்டேலில் பிறந்த அவர் மகன் ஜோஷ் டோன் 2024 மார்ச்சில் முல்லெட் அரங்கில் தன் முதல் ஆட்டத்திலேயே இரண்டு கோல் அடித்தார். மூன்று வாரத்தில் அணி ஊரைவிட்டுப் போயிற்று. கயோட்டீஸ் ஆட்டங்களைப் பார்த்து வளர்ந்த ஸ்காட்ஸ்டேல் சிறுவன் ஆஸ்டன் மேத்யூஸை 2016இல் டொரன்டோ முதல் வீரராகத் தேர்ந்தெடுத்தது. 2023-24இல் அவர் 69 கோல் அடித்தார். பாலைவனம் ஆட்டத்துக்குக் கொடுத்தது கொஞ்சமல்ல. இதே வெயிலில் கிடக்கும் லாஸ் வேகஸ் 2023இலும், ஃப்ளோரிடா 2024, 2025இலும் லீக்கின் பட்டமான ஸ்டான்லி கோப்பையை வென்றன. அவ்விரண்டுக்கும் ஏற்ற அரங்கும் இருந்தது, நிலையான உரிமையாளரும் இருந்தார்.

2016இல் கயோட்டீஸ் விலைக்கு வாங்கி அரிசோனாவின் டூசான் நகருக்குக் கொண்டுவந்த இரண்டாம் நிலை அணியான ரோட்ரன்னர்ஸ், தலைமை அணி போன பின்னும் யூட்டாவின் துணை அணியாக அங்கேயே ஆடிவருகிறது.