நாமக்கல்லின் நகரும் மரவீடுகள்

நகரும் மரவீடு என்றதும் மேலைநாட்டுக் காடுகள்தான் நினைவுக்கு வரும். ஆனால் சேலம், நாமக்கல் பக்கத்திலும் அது உண்டு. அதுதான் லாரி கேபின்!

1954-ல் ஜெர்மனியின் பென்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து டாடா இந்தியாவில் லாரி தயாரிக்கத் தொடங்கியது. பின்னர் பல ஆண்டுகள் தொழிற்சாலையிலிருந்து பெரும்பாலும் எஞ்சினும் சேஸியும் மட்டுமே வரும். கேபினையும் பின்பெட்டியையும் பாடி பில்டிங் பட்டறையில்தான் கட்ட வேண்டும். அந்தத் தொழிலில் பெயர் பெற்ற ஊர், 1997-ல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான நாமக்கல்.

வடமாநிலம் போனால் டிரைவரும் கிளீனரும் வீடு திரும்ப வாரக்கணக்காகும். அதை அறிந்த தச்சர்கள் மரச்சட்டத்தில் ஒரு வீட்டையே கட்டினார்கள். சீட்டுக்குப் பின்னால் படுக்கைப் பலகை, மேலே துணிமணிக்கு இடம், முன்னால் சாமி படம், வெளியே அடுப்பும் பாத்திரமும் வைக்க ஒரு பெட்டி!

ஆனால் எஞ்சின் சூட்டைத் தச்சரால் தணிக்க முடியவில்லை. டிரைவருக்குப் பக்கத்திலேயே அது கொதித்தது. கோடையில் அந்தச் சூட்டில் தூக்கம் ஏது? தூக்கம் கெட்டால் விபத்துதான்.

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும், 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம் என்று மத்திய அரசு விதி செய்தது. பழைய லாரிகளுக்கு அது பொருந்தாது. அவற்றில் வாழ்பவர்களுக்கு இன்றும் ஜன்னல் காற்றுதான்.