பலூன் உடையற இடத்துல படத்தை நிறுத்துங்க

'ஒரு குடை தன் வரலாறு கூறுகிறது'னு பள்ளிக்கூடத்துல கட்டுரை எழுதாதவங்க யாராவது இங்க இருக்கீங்களா? நானும் எழுதியிருக்கேன். கடையில பிறந்து, மழையில நனைஞ்சு, கம்பி உடைஞ்சு, கடைசியில குப்பைத்தொட்டி. மார்க் வந்துச்சு. ஆனா அந்தக் குடைக்காக எங்க வகுப்புல எவனும் வருத்தப்பட்டதா ஞாபகம் இல்லை :)

காரணம் சிம்பிள். அந்தக் குடையோட நாங்க ஒரு நாள்கூட பழகலை.

இப்ப பாரிஸுக்குப் போவோம். ஆல்பர்ட் லாமோரிஸ் எடுத்த 'தி ரெட் பலூன்' 1956-ல் வெளியானது. மொத்தமே அரைமணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. வசனம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. பாஸ்கல்னு ஒரு பையன், அவன் பின்னாடியே நாய்க்குட்டி மாதிரி சுத்தற ஒரு சிவப்பு பலூன், அவ்வளவுதான். பையனா நடிச்சது இயக்குநரோட சொந்தப் பையன். கான் விழாவில் குறும்படத்துக்கான தங்கப் பனை, அப்புறம் ஆஸ்கர். அதுவும் குறும்படப் பிரிவில் இல்லைங்க, சிறந்த அசல் திரைக்கதைக்கு! அந்த வருஷம் போட்டியில ஃபெலினியோட 'லா ஸ்ட்ராடா'வும் இருந்தது. வசனமே இல்லாத படத்துக்கு எழுத்துக்கான விருது.

படத்தோட கடைசியில ஒரு பொறாமை பிடிச்ச பையன் கூட்டம் பலூனைத் துரத்திப் பிடிச்சு, கவணால கல் அடிக்குது. பலூன் பட்டுனு வெடிக்கலை. மெல்ல மெல்லச் சுருங்கி கீழே இறங்குது. கடைசியில ஒரு கால் அதை மிதிக்குது. எத்தனை தடவை பார்த்தாலும் தொண்டையை அடைக்கிற இடம்.

1960, 70-களில் அமெரிக்கப் பள்ளிகளில் 16 மி.மீ. புரொஜக்டர் வழியா இந்தப் படம் ஏகமா ஓடியிருக்கு. படம் முடிஞ்சு லைட்டைப் போட்டதும் "பார்த்ததை எழுது"ன்னு சொல்றது வாத்தியாருங்களோட பழைய உத்தி. ஆனா நடுவுல நிறுத்தறது லேசு இல்லை. சாதாரண புரொஜக்டரில் பிலிமை ஒரே பிரேமில் நிறுத்தினா விளக்குச் சூட்டில் கருகிப்போகும் ஆபத்து உண்டு.

1976-ல் ஜப்பானில் விஎச்எஸ் வந்தது, தொண்ணூறுகளில் டிவிடி வந்தது. ஒரு பட்டனைத் தட்டினா படம் நிக்கும். வகுப்பறை எழுத்தை மாத்தினதுல இந்த பட்டனுக்குப் பெரிய பங்கு இருக்குங்கறது என்னோட கணிப்பு. முடிவு தெரிஞ்சப்புறம் எழுதறவன் கதைச் சுருக்கம்தான் எழுதுவான். பலூன் சுருங்கற இடத்துல நிறுத்திட்டா, மிச்சத்தை அவனேதான் கண்டுபிடிச்சாகணும்.

யோசிச்சா, குழந்தைப் படங்களில் நம்மை அழவைக்கிற இடங்கள் பலதும் இப்படி வாயைத் திறக்காத இடங்கள்தான். 'டம்போ'வில் (1941) கூண்டுக்குள்ள அடைபட்ட அம்மா யானையோட தும்பிக்கை மட்டும் கம்பிக்கு வெளியே நீண்டு குட்டியைத் தாலாட்டும். குட்டி படம் முழுக்க ஒரு வார்த்தை பேசாது. 'பாம்பி'யில் (1942) அம்மா மான் சாகறதைக் காட்டவே மாட்டாங்க. துப்பாக்கிச் சத்தம், அப்புறம் பனி. 'அப்' படத்தில் (2009) ஒரு தம்பதியோட மொத்த வாழ்க்கையும் வசனமில்லாம நாலஞ்சு நிமிஷத்தில் ஓடிடும். படம் சொல்லாம விட்ட இடத்துலதான் பிள்ளைங்களோட பேனாவுக்கு வேலை.

இன்னிக்கு இங்கிலாந்தில் 'லிட்டரசி ஷெட்'னு ஒரு தளமே குறும்படங்களை எழுத்துப் பயிற்சிக்குன்னு வகை பிரிச்சு வச்சிருக்கு. அதனால இது யாரோ ஒருத்தரோட கிறுக்குத்தனம் இல்லை.

என்ன எழுதச் சொல்லலாம்? "பலூன் தன் வரலாறு" சொல்லலாம், அது நம்ம குடைக் கட்டுரைதான். அன்னிக்கு ராத்திரி பாஸ்கல் தூங்கியிருப்பானா? இதுவும் நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்குப் பிடிச்சது மூணாவது: மிதிச்ச பையனா மாறி எழுது. அவன் வீட்டுக்குப் போய் என்ன சொன்னான்? வகுப்புல ஒவ்வொருத்தனும் என்னிக்காவது எதையாவது மிதிச்சவன்தானே. அழுதவன் பக்கம் நின்னு எழுதறது சுலபம். மிதிச்சவன் பக்கம் நின்னு எழுத நேர்மை வேணும்.

"பச்சப்புள்ளைங்களை எதுக்குய்யா அழவைக்கணும்?"னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. அம்மாவை இழந்த குழந்தை ஒண்ணு அதே வகுப்புல உட்கார்ந்திருக்கலாம். அதனால முன்கூட்டியே தெரிஞ்சுக்கணும், வேண்டாம்னா விட்டுடணும். முக்கியமா, "உன் வாழ்க்கையில நடந்த சோகத்தை எழுது"ன்னு சொல்லவே கூடாது. பலூனைப் பத்தி எழுதச் சொன்னா போதும். எழுத விரும்பற பிள்ளை பலூனுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு தன் கதையை எழுதிக்கும். அந்த நோட்டுல சிவப்பு மையால ஒற்றுப்பிழை திருத்தற வேலையை மறுநாளைக்கு வச்சுக்கலாம்.

எழுதி முடிச்சதும் மிச்சப் படத்தைக் கட்டாயம் போட்டுக் காட்டணும். ஏன்னா அடுத்த நிமிஷமே பாரிஸ்ல இருக்கற பலூன் எல்லாம் கிளம்பி வந்து பாஸ்கலைத் தூக்கிட்டுப் பறக்கும். அதைப் பார்க்காம வீட்டுக்கு அனுப்பினா பாவம் சார்!

டிஸ்கி: இதே லாமோரிஸ்தான் 'ரிஸ்க்'ங்கற உலகத்தைப் பிடிக்கற போர்டு கேமையும் கண்டுபிடிச்சார். பலூனுக்கு அழவச்ச மனுஷன்! உங்களைச் சின்ன வயசுல அழவச்ச படம் எது, எந்த இடம்னு பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே.