ஓய்மாநாட்டில் எண்ணெய் முழுக்கு

தலைக்கு எண்ணெய் தேய்த்து, அரைப்பு இட்டு அதனைப் போக்கி, வெந்நீரில் முழுகுதல் தமிழர் இல்லங்களில் இன்றும் வழங்கும் வழக்கமாகும். இதனைத் தொன்மையானது என யாவரும் கூறுவர். எவ்வளவு தொன்மையானது? அதன்கண் எவ்வுறுப்புப் பழமையானது, எது பிற்காலத்தே வந்து சேர்ந்தது? இவ்வினாக்களுக்கு விடை கூறுவார் சிலரே. பழமை என்னும் ஒரு சொல்லுக்குள் பல காலத்துப் பொருள்களை ஒருங்கே அடைத்துவிடுதல் ஆராய்ச்சிக்கு ஏற்புடையதன்று. ஆதலின் இலக்கியம், உரை, கல்வெட்டு, சொல் வரலாறு ஆகிய நான்கின் துணையால், திண்டிவனம் விழுப்புரம் பகுதியை நடுவாக வைத்து இவ்வழக்கத்தின் வரலாற்றை ஈண்டு ஆராய்வாம்.

1. நிலமும் நூலும்

1993-ஆம் ஆண்டில் தென்னார்க்காட்டினின்று பிரிக்கப்பெற்ற விழுப்புரம் மாவட்டத்தின் வடகீழ்ப் பகுதி, பண்டு ஓய்மாநாடு எனப் பெயர் பெற்றிருந்தது. இடைக்கழி நாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையின் தலைவன் நல்லியக்கோடன் இந்நாட்டை ஆண்டவன். அவனுக்குரிய ஊர்களுள் ஒன்றாகிய கிடங்கில் இன்று திண்டிவனம் நகரின் ஒரு பகுதியாய் உள்ளது. திண்டிவனம் என்னும் பெயர் புளியைக் குறிக்கும் திந்திரிணி என்னும் வடசொல்லோடு தொடர்புடையது. அவ்வூர் இறைவனுக்குத் திந்திரிணீசுவரர் என்னும் பெயர் வழங்குதலும் இதனை வலியுறுத்தும்.

இந்நாட்டைப் பாடிய நூலின் தொடக்கத்திலேயே நமக்கு வேண்டிய சான்று ஒன்று கிடைக்கின்றது. பாணனுடன் வழிநடந்து இளைத்த விறலியரை வருணிக்கும் புலவர், அவர்தம் கூந்தலையே முதற்கண் எடுத்துக்கொள்கின்றார். அக்கூந்தல் பெய்யும் மழையின் அழகுடையது. நெய் பூசப்பெற்று இருண்டது. வறுமையுற்ற பாணர் குடியின் மகளிரும் தலைக்கு நெய்யிடும் வழக்கம் உடையராயிருந்தனர் என்பது இதனாற் பெறப்படும்.

இந்நூலே மற்றொரு செய்தியையும் தருகின்றது. எயிற்பட்டினத்துக் கடற்கரையில் அலைகள் கொணர்ந்து ஒதுக்கிய மணமுள்ள மரக்கட்டைகளை நுளைமகள் தேறல் காய்ச்சும் அடுப்பிற்கு விறகாக இடுகின்றாள். அம்மரத்தை அகில் எனக் கொள்ளுதல் பொருந்தும். நகரத்துச் செல்வ மகளிர் கூந்தலை உலர்த்தப் புகைத்த பொருள், இக்கரையில் அடுப்பெரித்தது. ஒரு பொருளின் அருமையும் எளிமையும் இடத்தைப் பொறுத்தவை என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

2. நெய்யும் எண்ணெயும்

விறலியர் கூந்தலில் இட்ட நெய் யாது? ஆவின் நெய்யா, எள்ளின் நெய்யா? நெய் என்னும் சொல் பழந்தமிழில் இரண்டிற்கும் பொதுவாய் நின்றமையின், அச்சொல் ஒன்றைக்கொண்டே இதனைத் துணிய இயலாது. பிற நூல்களை நோக்குதல் வேண்டும்.

புறநானூற்றின் 279-ஆம் பாடலில் ஒக்கூர் மாசாத்தியார் காட்டும் மறக்குடித் தாய், தன் ஒரே மகனைப் போருக்கு விடுக்கும்போது அவனது உலர்ந்த குடுமியில் எண்ணெய் தடவி அனுப்புகின்றாள். குறுந்தொகையின் 312-ஆம் பாடலில் கபிலர் காட்டும் தலைவி, இரவில் தலைவனைக் கண்டு மீண்டபின், வைகறையில் கூந்தலின் மலர்களை உதிர்த்து எண்ணெய் நீவித் தன் வீட்டார்க்கு ஏற்றவள்போல் தோன்றுகின்றாள். இவ்விரு பாடல்களிலும் எண்ணெய் என்னும் கூட்டுச்சொல்லே ஆளப்பெற்றுள்ளது. எள் + நெய் என்னும் இதன் புணர்ச்சி தெளிவானது. ஆகவே சங்க காலத்திலேயே தலைக்கு எள்ளின் நெய்யை இடும் வழக்கம் இருந்தது என்பது ஐயத்திற்கு இடமின்றிப் போதரும். சிறுபாணாற்றுப்படையின் நெய்யையும் இதுவே எனக் கொள்ளுதல் இயல்பு. எனினும் அது நம் ஊகமே.

ஈண்டு மற்றொன்றும் நோக்கத்தக்கது. குறுந்தொகைத் தலைவி எண்ணெய் நீவுதல் வீட்டார்க்கு ஐயம் தோன்றாதிருத்தற் பொருட்டு. அன்றாட இல்லத்து வழக்கமாக அஃது இருந்தாலன்றி இம்மறைப்புப் பயன்படாது. வழக்கத்தின் பரவலைப் புலவர் நேரே கூறாமற் கூறிய இடம் இது.

பின்னர் எண்ணெய் என்னும் சொல்லின் பொருள் விரிந்தது. தேங்காயெண்ணெய், விளக்கெண்ணெய், வேப்பெண்ணெய், இலுப்பையெண்ணெய் என எள்ளோடு தொடர்பற்றனவும் அப்பெயர் பெற்றன. பிற்காலத்தே மண்ணெண்ணெயும் இவ்வரிசையிற் சேர்ந்தது. பொதுப்பெயராய்விட்ட பின்னர் எள்ளின் நெய்க்குத் தனிப்பெயர் தேவைப்பட, நல்லெண்ணெய் என்பது வழக்கூன்றியது. உணவிற்கும் முழுக்கிற்கும் உரியதென மக்கள் மதித்தமை அவ்வடைமொழியால் விளங்கும்.

3. மாதவியின் நீராட்டு

இல்லத்து எளிய முழுக்கிற்கு எதிர்முனையில் நிற்பது சிலப்பதிகாரக் கடலாடு காதையில் வரும் மாதவியின் நீராட்டு. பத்து வகைத் துவர், ஐந்து வகை விரை, முப்பத்திரண்டு வகை ஓமாலிகை ஆகியவை ஊறிய நீரும் நெய்யும் கொண்டு அவள் கூந்தல் நலம்பெற ஆட்டப்பெறுகின்றது. பின் புகையால் உலர்த்தி, மான்மதக் குழம்பு ஊட்டப்பெறுகின்றது.

இளங்கோவடிகள் எண்ணிக்கையை மட்டும் கூற, அவற்றின் பெயர்களை அடியார்க்கு நல்லார் உரை காத்துத் தந்துள்ளது. பூவந்தி, நெல்லி, கடுக்காய், தான்றி, கருங்காலி, நாவல், ஆல், அரசு, அத்தி, இத்தி என்பன பத்துத் துவர். கோட்டம், துருக்கம், தகரம், அகில், ஆரம் என்பன ஐந்து விரை. ஓமாலிகைப் பட்டியலில் இலவங்கம், ஏலம், தக்கோலம், நன்னாரி, இலாமிச்சம், கத்தூரி முதலியன இடம்பெறுகின்றன.

இப்பட்டியல்களை இக்காலத்து நலங்குமாவுடன் ஒப்பிடுதல் பயனுடைத்து. பாசிப்பயறு, சந்தனம், கிச்சிலிக்கிழங்கு, கோரைக்கிழங்கு, கார்போகரிசி, விலாமிச்சைவேர், வெட்டிவேர் என்பன அதன் உறுப்புகளாகச் சித்த மருத்துவர் கூறுவர். ஆரமாகிய சந்தனமும், இலாமிச்சமாகிய விலாமிச்சையும் இரண்டிற்கும் பொது. நெல்லிக்காயோ இன்றும் கூந்தல் தைலங்களில் முதலிடம் பெறுவது. ஆயின் நலங்குமாவின் அடிப்படையாகிய பயறு பழைய பட்டியலில் இல்லை. ஆகவே மாதவியின் நீராட்டே இன்றைய நலங்கு என்றல் மிகை. சில பொருள்கள் தொடர்ந்தன. சேர்க்கை மாறிற்று என்பதே சான்று தாங்கும் முடிபு.

4. பூவந்தியும் சீயக்காயும்

துவர்களுள் முதலாவதாகிய பூவந்தி தனித்து ஆராய்தற்குரியது. இஃது இன்று பூந்திக்கொட்டை எனவும் பொன்னாங்கொட்டை எனவும் வழங்குவது. பூவந்தி என்பதன் வகரம் கெட்டுப் பூந்தியாயிற்று. இதன் தோலை நீரில் ஊறவைத்துக் கசக்கின் நுரை தோன்றும். சபோனின் என்னும் பொருள் அதற்குக் காரணம். பட்டாடை வெளுத்தற்கும் நகை துலக்குதற்கும் இதனைப் பயன்படுத்துவர். ஏனைய துவர்கள் துவர்ப்புச் சுவையால் அப்பெயர் பெற்றன. பூவந்தியோ எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கும் ஆற்றலும் உடையது. நுரைக்கும் காயொன்றைக் கூந்தல் கழுவப் பயன்படுத்தியமைக்குத் தமிழில் உள்ள தெளிவான பழஞ்சான்றுகளுள் இஃது ஒன்று.

இன்று பெருவழக்கினதாகிய சீயக்காயோ பத்துத் துவரிலும் இல்லை, ஓமாலிகையிலும் இல்லை. கூறாமையே இல்லாமைக்குச் சான்றாகாது எனினும், சீயக்காயைச் சிலப்பதிகார காலத்ததாகக் கூறுவார் வேறு சான்று காட்டக் கடமைப்பட்டவர்.

அதன் பெயர்க்காரணத்தில் இரு கொள்கைகள் உள. சிகைக்காய் என்பதே மூலம் எனின், பகுதி பாதியாகவும் மிகுதி மீதியாகவும் அகப்பை ஆப்பையாகவும் திரிந்தவாறு, இதுவும் ககரம் கெட்டு முதல் நீண்டு சீக்காய் ஆதல் ஒலியியலுக்கு ஒத்ததே. மற்றொரு கொள்கை, துடைத்தல், போக்குதல் என்னும் பொருளுடைய சீத்தல் என்னும் தமிழ் வினையினின்று இதனைக் கொள்ளும். சீவுதல், சீப்பு என்பன அவ்வேரினவாதலும், அழுக்குப் போக்குதல் அக்காயின் தொழிலாதலும் இதற்கு அரணாகும். பின்னதே சிறப்புடைத்து என யான் கருதினும், முன்னதை மறுத்தற்குப் போதிய சான்று இல்லை.

செஞ்சி போன்ற வறண்ட குன்றுப் புறங்களில் வளரும் உசில மரத்தின் இலைப்பொடி அரப்பு எனப்படும். அரைத்து ஆக்கப்படுவதாகலின் அரைப்பு என்பதே அரப்பு என மருவிற்று எனலாம். விலை கொடாது பறித்து உலர்த்தி இடிக்கத்தக்க இப்பொருளை எப்பட்டியலும் சுட்டவில்லை. ஏட்டில் ஏறியவை செல்வர் பொருள்கள். ஏழையர் இல்லத்தன பெண்டிர் நினைவிலேயே நின்றன. நம் சான்றுகளின் இக்குறைபாட்டை ஆராய்வோர் மறத்தலாகாது.

5. சனிக்கிழமை எண்ணெய்

கல்வெட்டுகளிற் கூறப்படும் எண்ணெய் பெரும்பான்மையும் நந்தாவிளக்கிற்கு உரியது. தலைக்கிடும் எண்ணெயைக் கூறும் கல்வெட்டு அருமையானது. ஓய்மாநாட்டிற்கு வடக்கே, பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்றும் கூடும் திருமுக்கூடலில் வீரராசேந்திர சோழன் (1063 - 1070) காலத்துக் கல்வெட்டொன்று உள்ளது. 15 படுக்கைகள் கொண்ட வீரசோழன் என்னும் ஆதுலர்சாலை, அதன் மருத்துவன், அறுவை செய்வோன், பணியாட்கள், மருந்துகள் ஆகியவற்றை அது விரிவாகக் கூறும். அங்குக் கல்வி பயின்ற மாணாக்கர்க்கு ஓராண்டில் 51 சனிக்கிழமைகளுக்குத் தலைக்கு எண்ணெய் வழங்கவும் அக்கல்வெட்டு வகை செய்துள்ளது. ஆண்டிற்கு 360 நாள் எனக் கணக்கிடும் சோழர்கால முறைப்படி முழு வாரங்கள் 51 ஆதலின், இவ்வெண் எழுந்தது போலும்.

இச்செய்தி ஓர் இலக்கியச் சிக்கலையும் தெளிவிக்கின்றது. ஔவையாரின் ஆத்திசூடியில் சனி என்னும் சொல்லோடு நீராட்டைக் கூறும் அறிவுரைக்குச் சனிக்கிழமைதோறும் முழுகுக என்பது ஒரு பொருள். குளிர்ந்த நீரில் ஆடுக என்பது மற்றொரு பொருள். ஆத்திசூடி ஔவையாரைப் பன்னிரண்டாம் நூற்றாண்டினர் எனப் பலரும் கொள்வர். அதற்கு முந்திய நூற்றாண்டிலேயே சனிக்கிழமை எண்ணெய் கல்விச்சாலையின் ஒழுங்காய் அமைந்திருந்தமையால், முதற்பொருளே வலியுடையது என்பது தோன்றும். ஆடவர்க்குச் சனியும் புதனும், மகளிர்க்குச் செவ்வாயும் வெள்ளியும் எனப் பிற்காலத்தே வழங்கும் முறையோடும் இஃது இயைகின்றது. தேரையரின் பிணியணுகா விதியோ நான்கு நாளைக்கு ஒருமுறை முழுகுமாறு கூறும். மருத்துவ விதியும் ஊர் வழக்கும் எங்கும் ஒன்றாயிருந்தில என்பதையும் இதனால் அறிகின்றோம்.

6. கடலையும் சோப்பும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நிலத்தின் எண்ணெய் வரலாறு திரும்பிற்று. தென்னார்க்காட்டு மானாவாரிப் புன்செய்களில் நிலக்கடலை பரவியது. 1879-இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு இருப்புப்பாதை அமைந்தபின், கடலை ஏற்றுமதிக்கு வழி எளிதாயிற்று. புதுச்சேரித் துறையினின்று கப்பலேறிய கடலை பிரெஞ்சு நாட்டு மார்செய் நகரை அடைந்து, அங்கு ஆட்டப்பெற்று, அதன் எண்ணெய் சோப்புத் தொழிலுக்கும் பயன்பட்டது. எண்ணெயிட்டுக் காயாலும் இலையாலும் கழுவிய மக்களின் நிலத்து விளைவு, பிற நாட்டார் உடல் கழுவும் சோப்பாயிற்று. நாளடைவில் ஆலைச் சோப்பே இவ்வூர்க் கடைகளிலும் வந்து அமர்ந்து, பயற்றம்மாவையும் அரப்பையும் பின்னுக்குத் தள்ளியது.

ஷாம்பு என்னும் சொல்லின் வரலாறும் இதனை ஒத்தது. அமுக்குதல் என்னும் பொருளுடைய இந்திச் சொல்லினின்று பிறந்த அது, முதலில் உடல் பிடித்துவிடுதலையே குறித்தது. பாட்னாவிற் பிறந்த சேக் தீன் முகம்மது இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் அதனைத் தொழிலாக நடத்தி, 1822-இல் அதுபற்றி நூலும் வெளியிட்டார். பின்னரே அச்சொல் தலைகழுவும் பொருளுக்குப் பெயராகி நம்மிடம் மீண்டது.

திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட நிலக்கடலை, எள், ஆமணக்கு வகைகள் அவ்வூர்ப் பெயரின் சுருக்கமாகிய டி.எம்.வி. என்னும் குறியைத் தாங்குகின்றன. 1940-இல் வந்த டி.எம்.வி. 2 என்னும் கடலை வகை நாடெங்கும் அறியப்பெற்றது. எனினும் கடலையெண்ணெய் அடுப்படியை வென்றதேயன்றித் தலைமுழுக்கை வெல்லவில்லை. தலைக்கு நல்லெண்ணெய் என்னும் வழக்கு இன்றும் நிற்கின்றது.

7. முடிபு

இதுகாறும் கூறியவற்றால், தலைக்கு எள்ளெண்ணெய் இடுதல் சங்ககால வழக்கம் என்பதும், பூவந்தி, நெல்லி முதலியன கொண்டு கூந்தல் ஆட்டுதல் சிலப்பதிகாரத்தாலும் அதன் உரையாலும் உறுதிப்படுவது என்பதும், சனிக்கிழமை முழுக்கு பதினோராம் நூற்றாண்டிற்குப் பிற்பட்டதன்று என்பதும், சீயக்காய், நலங்குமா ஆகியவற்றின் தொன்மை இன்னும் நிறுவப்படாதது என்பதும் விளங்கும்.

ஒரு வழக்கம் பழமையானது என்பதனாலேயே அது நோய் தீர்க்கும் என்பது பெறப்படாது. அது மருத்துவர் ஆய்ந்து கூறவேண்டுவது. வரலாற்றாசிரியன் கடமை வேறு. உசிலையிலையும் பூந்திக்கொட்டையும் எவ்வெவ்வூரில் எவ்வெப்பெயரால், எவ்வெம்முறையால் பயன்பட்டன என்பதை அறிந்த முதியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். கிடங்கிலிலும் செஞ்சியிலும் மரக்காணத்திலும் அவர்பாற் கேட்டுச் சொற்களைத் தொகுத்தல் இளம் ஆராய்ச்சியாளர் முன்னுள்ள பணி. அடியார்க்கு நல்லார் பெயர்களைக் காத்திராவிடின் மாதவியின் நீராட்டு நமக்கு வெறும் எண்ணாகவே நின்றிருக்கும். இல்லத்துப் பெண்டிரின் அறிவிற்கு அத்தகைய உரை இன்னும் எழுதப்பெறவில்லை.