தாவோபாவ்: நம்பிக்கை மதிப்பீடும் எஸ்க்ரோவும்

தாவோபாவ், சீனாவின் அலிபாபா நிறுவனம் 2003-இல் தொடங்கிய இணையச் சந்தை. முகம் தெரியாதவரிடம் முன்பணம் கொடுக்க அன்று பலர் துணியவில்லை. அதே ஆண்டு பிறந்த அலிபே என்ற கட்டணச் சேவை, பணத்தைத் தன்னிடம் நிறுத்திவைத்து, பொருள் கிடைத்ததாக வாங்கியவர் உறுதி செய்த பிறகே விற்றவருக்கு விடுவித்தது; இதுவே எஸ்க்ரோ முறை. குறித்த கெடுவுக்குள் வாங்கியவர் வாய் திறக்காவிட்டால் பணம் தானாகவே கைமாறிவிடும்.

வாங்கியவர் தரும் நல்ல மதிப்பீட்டுக்கு விற்பவருக்கு ஒரு புள்ளி கூடும். மோசமானதற்கு ஒன்று குறையும். புள்ளி ஏற ஏற விற்பவரின் பெயருக்கருகே இதயம், வைரம், கிரீடம் என்று சின்னம் மாறும். கிரீடத்துக்கு ஆசைப்பட்டவர்கள் கூலிக்கு ஆள் பிடித்துப் பொய் ஆர்டர்கள் போடவைத்தார்கள்; அஞ்சல் பதிவு வேண்டுமே என்று வெறும் பொட்டலங்களும் ஊர் ஊராகப் பயணம் செய்தன. 2019 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த சீனாவின் மின்வணிகச் சட்டம் இத்தகைய பொய் விற்பனையையும் போலி மதிப்பீட்டையும் தடை செய்கிறது.

வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையிலான தகராறுகளில் நிறுவனமே தீர்ப்புச் சொல்லிவந்தது. 2012 இறுதியில், பயனர்களையே நடுவர்களாக்கும் முறையும் சேர்ந்தது. தொடக்கத்தில் ஒரு வழக்குக்கு 31 பேர். 16 வாக்கு பெற்ற தரப்பு வென்றது. பழைய ஊர்ப் பஞ்சாயத்துதான், ஆலமரம் மட்டும் இல்லை.