வீட்டு மின்கட்டணம்: 600 யூனிட் எல்லையைக் கவனியுங்கள்

மின்கட்டணம் உயர்ந்தால், பல வீடுகளில் முதலில் திட்டு வாங்குவது விளக்கும் மின்விசிறியும்தான். ஆனால், கட்டணத்தை ஏற்றுபவை பெரும்பாலும் அவையல்ல. சூடாக்கும், குளிரூட்டும் சாதனங்களே மின்சாரத்தை அதிகம் விழுங்குகின்றன.

1,000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட். 75 வாட் மின்விசிறி இரவு முழுவதும், 8 மணி நேரம் சுழன்றாலும் 0.6 யூனிட்தான். 3,500 வாட் வாட்டர் ஹீட்டரை முழு வேகத்தில் வைத்து 10 நிமிடம் குளித்தாலே ஏறக்குறைய அதே அளவு செலவாகிவிடும். நான்கு பேர் தினமும் இருவேளை இப்படிக் குளித்தால் மாதம் 140 யூனிட். நேரத்தை 5 நிமிடமாகக் குறைத்தால் 70 யூனிட் மிச்சம்.

கட்டணம் எப்படிக் கணக்கிடப்படுகிறது?

தீபகற்ப மலேசியாவில் 2025 ஜூலை 1 முதல் புதிய கட்டண முறை நடப்பில் உள்ளது. மாதம் 1,500 யூனிட் வரை பயன்படுத்தும் வீடுகளுக்கு அடிப்படைக் கட்டணம் யூனிட்டுக்கு 44.43 சென். 1,000 யூனிட் வரை சேமிப்புக்கான ஊக்கத் தள்ளுபடி உண்டு. பயன்பாடு குறையக் குறைய தள்ளுபடி கூடும். 200 யூனிட்டுக்குள் இருந்தால் யூனிட்டுக்கு 25 சென் கழிக்கப்படும்.

600 யூனிட்டைத் தாண்டினால் மாதம் 10 வெள்ளி சில்லறைக் கட்டணம் சேரும். எரிபொருள் விலைக்கேற்ப மாறும் சரிக்கட்டலும் பொருந்தும். 600-க்கு மேற்பட்ட பயன்பாட்டுக்கு 8 விழுக்காடு சேவை வரியும் உண்டு. மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என ஒரே மீட்டரில் வாழும் கூட்டுக் குடும்பங்கள் இந்த எல்லையை எளிதில் தாண்டிவிடும்.

எங்கே சேமிக்கலாம்?

* குளிர்சாதனத்தை 24 டிகிரியில் வைத்து, மின்விசிறியையும் சேர்த்துப் போடுங்கள். வடிகட்டியை அடிக்கடி கழுவுங்கள்.
* குளிர்பதனப் பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். கதவு ரப்பரில் ஒரு தாளைச் செருகி மூடுங்கள். தாள் எளிதில் வந்துவிட்டால் குளிர் கசிகிறது என்று பொருள்.
* சோறு வெந்ததும் ரைஸ் குக்கரை நாள் முழுவதும் சூட்டிலேயே விடாதீர்கள்.
* துணிகளை மொத்தமாகச் சேர்த்து இஸ்திரி போடுங்கள். ஒவ்வொரு முறையும் பெட்டியைச் சூடாக்குவதே வீண் செலவு.
* புதிய சாதனம் வாங்கும்போது விலையோடு எரிசக்தி ஆணையத்தின் நட்சத்திர முத்திரையையும் பாருங்கள். 5 நட்சத்திரம் மிகச் சிக்கனமானது.

யாருக்கு என்ன சலுகை?

ஸ்மார்ட் மீட்டர் உள்ளவர்கள் நேரவாரிக் கட்டணத்தைக் கேட்டுப் பெறலாம். வார நாட்களில் பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை கட்டணம் அதிகம். மற்ற நேரங்களிலும் வார இறுதியிலும் குறைவு. காலையில் துணி துவைக்க முடிந்த வீடுகளுக்கு இது பயன் தரும். மாலையில்தான் எல்லாரும் வீடு திரும்புவார்கள் என்றால் யோசித்து முடிவெடுங்கள்.

இ-காசே பட்டியலில் பரம ஏழைகளாகப் பதிவான குடும்பங்களுக்கு மாதம் 40 வெள்ளி வரை மின்கட்டணக் கழிவு உண்டு. தகுதி இருந்தும் பதியாதவர்கள் மாவட்ட அலுவலகத்தில் விசாரிக்கலாம். தோட்ட நிர்வாகத்தின் மீட்டர் வழி மின்சாரம் பெறுபவர்கள், தங்கள் வீட்டுக்கு எத்தனை யூனிட், எந்த விலையில் கணக்கிடப்படுகிறது என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

வெயில் நாளில் வீட்டிலுள்ள முதியவரின் மின்விசிறியை நிறுத்திச் சேமிக்க வேண்டாம். அதில் மிச்சமாவது சில சென்களே.