அடங்கிப்போதல் இசைவாகுமா?

1972 மார்ச் 26 இரவு, மகாராஷ்டிரத்தின் சந்திரப்பூர் மாவட்டத்துத் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்தில் ஓர் ஆதிவாசிச் சிறுமி காவலரால் வன்கொடுமைக்கு ஆளானாள். அவள் மீது எந்தக் குற்றச்சாட்டும் இல்லை; அண்ணன் கொடுத்த புகாரின் விசாரணைக்காகவே அழைக்கப்பட்டிருந்தாள். உறவினர் வெளியே காத்திருந்தனர்.

இவ்வழக்கின் வரலாறு ‘இசைவு’ என்னும் ஒரு சொல்லின் வரலாறும் ஆகும். 1974இல் அமர்வு நீதிமன்றம் அவளைப் பொய் சொல்பவள் என்றும், உடலுறவுக்குப் பழகியவள் என்றும் கூறி இரு காவலரையும் விடுவித்தது. 1976இல் மும்பை உயர் நீதிமன்றத்தின் நாகபுரி அமர்வு அதை மாற்றித் தண்டனை விதித்தது. அச்சத்தால் அடங்கிப்போவது வேறு, விரும்பி இசைவது வேறு என்பதே அத்தீர்ப்பின் சாரம். 1978 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், துக்காராம் எதிர் மகாராஷ்டிர அரசு வழக்கில், இருவரையும் மீண்டும் விடுவித்தது. உடலில் காயம் இல்லை. ஆகவே எதிர்ப்பு இல்லை. ஆகவே இசைவு உண்டு என்று அதன் தருக்கம் சென்றது.

1979 செப்டம்பரில் உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், ரகுநாத் கேல்கர், வசுதா தாகம்வார் ஆகிய சட்ட அறிஞர் நால்வர் இந்தியத் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினர். அவர்கள் பிடித்தது அந்தச் சொல்லையே. இசைவில் அடங்குதல் இருக்கலாம்; அடங்குதல் எல்லாம் இசைவாகிவிடாது. இரவில், காவல் நிலையத்தின் பூட்டிய கதவுக்குள், ஓர் ஏழைச் சிறுமியின் மௌனத்தை எவ்வாறு வாசிப்பது என்பதே அவர்களின் வினா. 1980 மார்ச் 8 அன்று பல நகரங்களில் பெண்கள் அவ்வினாவைத் தெருவுக்குக் கொண்டுவந்தனர்.

1983இல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் நிகழும் வன்புணர்வில், உடலுறவு மெய்ப்பிக்கப்பட்டுப் பெண் இசையவில்லை என்று கூறினால், இசைவில்லை என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்றது சாட்சியச் சட்டத்தின் 114ஏ பிரிவு. 2003இல், பெண்ணின் கடந்தகால ஒழுக்கத்தைக் காட்டி அவள் சாட்சியத்தைத் தகர்க்க இடந்தந்த விதி நீக்கப்பட்டது. உடலால் எதிர்க்காமை இசைவாகாது என்று சட்டமே எழுத 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டில்தான், தனியார் மருத்துவமனைகள் உட்பட அனைத்து மருத்துவமனைகளும் பாதிக்கப்பட்டவருக்கு இலவசமாக உடனடிச் சிகிச்சை அளிப்பது கட்டாயமானது. ‘பழகியவள்’ என்ற முடிவுக்குத் துணைநின்ற இருவிரல் சோதனையை உச்ச நீதிமன்றம் 2013இலும் 2022இலும் கண்டித்தது.

துணைநிற்றல் என்பது இரக்கத்தோடு முடிவதன்று. கேட்பவர் எந்தச் சொல்லால் கேட்கிறார், எதிரே நிற்பவரின் மௌனத்திற்கு என்ன பொருள் கொள்கிறார் என்பதிலேயே அது தொடங்குகிறது. காவலர், மருத்துவர், செவிலியர், வழக்குரைஞர் ஆகிய அனைவருக்கும் இது பொருந்தும்.

1983 திருத்தம் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதையும் குற்றமாக்கியது. அவளுக்கோ அந்தக் காப்பு வாய்க்கவில்லை. காவலர் இருவரும் விடுதலையாயினர். சட்ட வகுப்பறைகளில் அவ்வழக்கு இன்றும் அவள் பெயராலேயே வழங்குகிறது.